ஐம்பத்தாறு கண்

கல்லடியில் யாரும் கம்பளி உடுப்பதில்லை.
பங்குனி வெயிலில் நூல்பந்து வாங்க நின்றால்
மஃறூப் நானா கேட்கிறார்: "நுவரெலியாவுக்கோ?"
இல்லை நானா, என் புருசனின் அரைக்காலுக்கு.
சீனி வருத்தம்
முழங்காலுக்கு ஆறு விரல் கீழே கோடு கிழித்து
எடுத்துக்கொண்டது போக
மிச்சமிருக்கும் காலுக்கு.

பருத்தி நூல். வெள்ளை. இரண்டு பந்து.
"சோடிக்குக் காணாதே புள்ள" என்றார்.
காணும்.

பொய்க்கால் தந்த இடத்தில் உறையும் இரண்டு தந்தார்கள்,
ஒன்று போட, ஒன்று கழுவ.
மட்டக்களப்பு வேர்வைக்கு இரண்டு எந்த மூலைக்கு?
ஆகவே பின்னினேன்.
நேர் இரண்டு, புரட்டு இரண்டு,
நுனியிலிருந்து தொடைவரை
சுற்றுக்கு ஐம்பத்தாறு கண்.

ஏறிப் போவது லேசு.
முடிப்பதுதான் பாடு.

மனையியல் ரீச்சர் காட்டிய முடிப்பு எனக்கு மறக்கவில்லை:
ஒரு கண்ணைத் தூக்கி மற்றதுக்கு மேலால் போடு,
மறுகா தூக்கு, மறுகா போடு.
விளிம்பு சங்கிலிபோல் விழுந்தது.
சங்கிலியேதான்.
பின்னேரம் கழற்றினால்
தொடையைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு வளையம்.
"நோகல்லியா?"
"இல்லையே."
அதுதான் பயம்.
அவர் தோல் முறைப்பாடு சொல்வதை நிறுத்தி
வருசங்களாகிறது.

தடித்த ஊசியால் முடித்துப் பார்த்தேன்.
அப்பத்தின் கரைபோல விளிம்பு அலைந்தது.
வங்கியில் "குணநாயகம்" என்று கூப்பிட
இவர் எழும்ப
உறை நழுவி உள்ளே சுருண்டது.
சுருக்கம் ஒரு நெல்லளவு.
புண்ணுக்கு நெல்லளவு தாராளம்.

மறுகா, மொட்டை ஊசியில் கோத்துத் தைக்கும் முடிப்பு.
இரண்டு கண் முன்னால், ஒரு கண் பின்னால்.
வாலுக்கு மூன்று சுற்று நூல் விட வேணுமாம்.
சிக்கனக்காரி, இரண்டரை விட்டேன்.
ஒன்பது கண் மிச்சமிருக்க நூல் தீர்ந்தது.
தைத்த நேரத்தைவிட அவிழ்த்த நேரம் கூட.
அன்றைக்குச் சோறும் அடிப்பிடித்தது.

கடைசியில் போனுக்குள் ஒருத்தி அகப்பட்டாள்.
எந்த நாடோ. முகம் இல்லை,
இரண்டு கை, பின்னால் ஒரு சன்னல், சன்னலில் பனி.
அவள் பாஷை விளங்கவில்லை.
சத்தத்தை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்துவிட்டு,
விரல்களை மட்டும் கேட்டேன்.

ஒவ்வொரு கண்ணையும் பின்னுமுன்
ஊசியில் நூலை ஒரு சுற்று.
நேர்க்கண் வந்தால் பின்னிருந்து முன்னுக்கு,
புரட்டு வந்தால் முன்னிருந்து பின்னுக்கு.
பின்னிய கண்ணின் தலைக்கு மேலால்
அந்தச் சுற்றை இறக்கிவிடு.
அதற்குப் பிறகுதான் மூடு.

சட்டைக்கு உள்ளே பிடித்துவிடும் தையலைப்போல
அந்தச் சுற்று வெளியே தெரியாது.
உடம்பு ஒள்ளுப்பம் ஊதும் நாளில்
தானாய் இடம் விடும்.

பதினேழாம் கண்ணில் டேட்டா முடிந்தது.
பனி அப்படியே உறைந்து நின்றது.
இருட்டுக்குள் இவர் குரல்: "என்ன செய்யிறாய்?"
"கண் மூடுறன்."
"எனக்கு முதலோ?"
"சும்மா படுங்க. இன்னும் முப்பத்தொன்பது கிடக்கு."

அடுத்த நாள் முழுக்க நடந்தார்,
சந்தை, வங்கி, வீண்பேச்சுக்கு ஒரு சலூன்.
பின்னேரம் உறையை உரித்து
லைட்டடியில் தொடையைத் திருப்பினேன்.
வளையம் இல்லை.
நேர் இரண்டு புரட்டு இரண்டின் வரிகள் மட்டும்,
அலை திரும்பிப்போன மணலில் கிடப்பதுபோல.
தேத்தண்ணி ஆறுமுன் அவையும் போயின.
நாலு தரம் பார்த்தேன்.
ஐந்தாம் தரம் காலை இழுத்துக்கொண்டார்.

திங்கள் மறுகா கடைக்கு.
"வெள்ளையில ஊத்தை தெரியும், சாம்பல் எடுங்க"
என்றார் மஃறூப் நானா.
வெள்ளையே தாங்க நானா.
ஊத்தை தெரியட்டும்.
ஒரு சொட்டு ரத்தமென்றாலும்
தெரியட்டும்.